ஏழாவது ஸ்லைடின் அடியில்

அத்தியாயம் 19

வலது மணிக்கட்டு முறிந்து மூன்று வாரம். கணவன் கோபித்துக்கொண்டு போய்ப் பத்து நாள். கூட்டத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம்.

இந்த மூன்றில் எதற்கு முதலில் கவலைப்படுவது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அதுவும் ஆறிப்போயிருந்தது.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முறைப்படி ஒரே ஒரு கொழுந்தனுக்குத்தான். ஆனால் வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில், வரைபடம் போடுகிறவர் முதல் கூரியர் கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அலுவலகத்தை ஆரம்பித்தவர் மாமனார், எல்லோருக்கும் 'பெரியவர்'. மூத்த மகன், அண்ணியின் கணவன், இஞ்சினியர். சுவர் நிற்குமா, விழுமா என்று கணக்குப் பார்க்கிறவன். கணக்கில் புலி; நாலு வார்த்தை சேர்த்துப் பேசச் சொன்னால் பூனை. இளையவன் நேர்மாறு. கூட்டத்தில் பேசக் கிடைத்தால் ஒலிவாங்கியை விடமாட்டான் என்பதால் 'மைக்' என்பதே அவன் பெயராகிவிட்டது. அண்ணனின் கணக்கையும் தம்பியின் பேச்சையும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் திரையில் அடுக்கிக் கொடுப்பது அண்ணியின் வேலை.

இன்று அடுக்க வேண்டியது ஒரு பள்ளிக்கூடம். இரண்டு மாடிப் பழைய கட்டடத்தின்மேல் புதிதாக மூன்றாவது மாடி, எட்டு வகுப்பறை. மதியம் மூன்று மணிக்கு நிர்வாகக் குழு முன்னால் மைக் பேசுவான். குழு தலையாட்டினால் வேலை இவர்களுக்கு.

பத்து நாளைக்கு முன்னால் இதே வேலையைப் பற்றித்தான் அப்பாவும் மூத்தவனும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று வெளியே யாருக்கும் புரியவில்லை. அந்த நேரம் அண்ணி மருத்துவமனையில் கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது இஞ்சினியர் வெளியூர் சைட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

அன்று மாலை அவனிடமிருந்து ஒரே ஒரு போன்.

"ஏழாவது ஸ்லைடைப் பார்த்தியா?"

மைக் அவள் போனுக்கு அனுப்பியிருந்த படங்களை அப்போதுதான் புரட்டியிருந்தாள். "பார்த்தேனே. ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்படியே இருக்கட்டும்."

 "சரி. நீயும் அவங்க பக்கம்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அவ்வளவுதான். அதற்குப்பின் அவன் போனை எடுக்கவே இல்லை.

எந்தப் பக்கம்? யார் பக்கம்? ஒரு ஸ்லைடை நல்லா இருக்கு என்றால் அதில் பக்கம் எங்கிருந்து வந்தது? பத்து நாளாக அண்ணி இதையே சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட பிறகு இன்றைக்குத்தான் கோப்பை நேரில் திறக்கிறாள். இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். பள்ளி முகப்புப் படம் ஸ்லைடை விட்டே வெளியே ஓடியது.

"போடா" என்று மவுஸை ஓரமாகத் தள்ளினாள். பட்டன்கள் இருக்கின்றன, அவளுக்கு என்ன பயம்?

கன்ட்ரோலோடு டி: ஒரு கட்டம் இரண்டானது. அம்புக்குறியை நாலு தட்டு: கட்டம் நகர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. இன்னும் மயிரிழை நகர வேண்டுமா, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு தட்டினால் போதும். கன்ட்ரோலோடு ஜி: ஐந்து பொருளும் ஒரே குடும்பமாகக் கைகோத்துக்கொண்டன. நிஜக் குடும்பத்துக்கு அப்படி ஒரு பட்டன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஆறு ஸ்லைடு முடிந்தது. ஏழாவது.

படம் அழகுதான். மேல்மாடி வகுப்பறை, கூரை வழியே வெளிச்சம், சிரிக்கிற பிள்ளைகள், கீழே பட்டையாக ஒரு வரி.

டேப் பட்டனைத் தட்டினாள். டேப் என்பது வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்லைடில் உள்ள ஒரு பொருளைச் சுற்றிக் குட்டி வட்டங்கள் முளைக்கும். அடியில் கிடப்பது முதலில், மேலே இருப்பது கடைசியில்.

முதல் தட்டிலேயே தலைப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நடுப்படத்தில், ஒரு பிள்ளையின் சிரிப்பின்மேல், எட்டு வட்டங்கள் முளைத்தன. அவற்றுக்கு நடுவே ஒன்றுமே இல்லை.

அண்ணிக்கு ஆச்சரியம் வரவில்லை. இந்த அலுவலகத்தில் அது சகஜம். தாளில் வரைந்த காலத்திலேயே பெரியவர் போட்ட சட்டம்: 'வரைஞ்சதை அழிக்காதே, மேலே இன்னொரு தாளைப் போடு.' கணினி வந்தும் சட்டம் மாறவில்லை. இங்கே டெலீட் பட்டன் தேய்ந்ததே கிடையாது. வேண்டாததை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு மேலே புதுப்படத்தைப் போட்டு மூடுவார்கள். எந்த ஸ்லைடைக் கிளறினாலும் அடியில் பழைய படம் இரண்டாவது தேறும்.

என்ன பழசு என்று பார்த்துவிடுவோமே. கன்ட்ரோல், ஷிஃப்ட், வலது சதுர அடைப்பு. அடியில் இருப்பதை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவருகிற மூன்று பட்டன். இடது கை தாவிப் போய் இரண்டைப் பிடித்தது. மூன்றாவதை, கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வலது சுண்டுவிரல் அழுத்தியது. சுரீர் என்று தோள்வரை வலி.

சிவப்புக் கட்டம் ஒன்று மேலே வந்தது.

'வடக்குச் சுவர் மூன்றாவது மாடியைத் தாங்காது. அஸ்திவாரம் இரண்டு இடத்தில் இறங்கியிருக்கிறது. தோண்டிப் பார்த்துச் சோதிக்கும்வரை எதுவும் கட்டக்கூடாது.'

கோணல் கட்டம். எழுத்து ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், அது யார் கை என்று. எட்டு வருஷமாகக் கணவன் போடுகிற கட்டங்களை நேராக்கி நேராக்கியே அவளுக்குக் கை தேய்ந்திருந்தது.

ஏழாவது ஸ்லைடைப் பார்த்தியா?

ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்படியே இருக்கட்டும்.

 அவன் கேட்டது இதை. அவள் பார்த்தது இதன்மேல் போட்டிருந்த போர்வையை.

* * *

"வணக்கம். ஒரு பள்ளிக்கூடம் என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல…"

மைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"கல்லும் மண்ணும்தான். இங்கே வா."

"என்ன அண்ணி, கணக்கு டீச்சர் மாதிரி கூப்பிடுறீங்க?"

தன் கணினிக்கு இழுத்துவந்து திரையைக் காட்டினாள். மைக் படித்தான். இரண்டாம் முறை படிக்கும்போது முகத்தில் இருந்த மேடைச் சிரிப்பு கழன்றது.

"இதை மூடினது நீயா?"

"நானா? அண்ணி, நான் ஒரு படம் வச்சா கோணலாத்தான் நிக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"இதை முன்னாடி பார்த்தியா இல்லையா?"

அவன் டையை இழுத்துத் தளர்த்தினான். "அண்ணன் ஏதோ சிவப்பா ஒண்ணு ஒட்டிட்டுப் போனான். நான் சரியாப் படிக்கலை. சாயங்காலம் பார்த்தா காணோம். அழகா படம் வந்திருந்துச்சு. நீங்க வீட்டுல இருந்தே எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். ஆபீஸ்ல எல்லாருமே அப்படித்தான் நினைச்சாங்க."

"எல்லாருமா?"

"வேற யாருக்கு அண்ணி இவ்வளவு நேரா வைக்கத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் அவளை மறுபடி திரைக்குத் திருப்பியது.

ஆமாம், யாருக்குத் தெரியும்? மைக் வைக்கிற படங்கள் விருந்து முடிந்த வீட்டு நாற்காலிகள் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். இதுவோ மூன்று ஓரத்திலும் ஒரே இடைவெளி. படத்தைத் தட்டிப் பார்த்தாள். படமும் கீழே இருந்த எழுத்துப் பட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. நகர்த்தினால் இரண்டும் சேர்ந்தே நகரும். அடியில் இருப்பது தவறிக்கூட எட்டிப் பார்க்காது.

சேர்த்துக் கட்டுவது, பின்னால் தள்ளுவது, இரண்டாக்குவது. இந்த மூன்று பட்டனையும் அவள் இந்த அலுவலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மறக்காமல் இருக்க ஒரு துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அவர் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

"எங்கே போறீங்க?" என்றான் மைக்.

"மாமாகிட்டே."

"அண்ணி, மணி பன்னிரண்டு. மூணு மணிக்குக் கூட்டம். இப்போ போய்…"

அவள் போய்விட்டிருந்தாள்.

* * *

பெரியவர் நிமிரவில்லை. மேசையில் பழைய வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, பேனாவால் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏழாவது ஸ்லைடு."

பேனா நின்றது.

"அழிக்கலையேம்மா" என்றார் பெரியவர். "பின்னாலதான் வச்சேன்."

இல்லை என்று சொல்வார், கத்துவார் என்றுதான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள். 

"பின்னால வச்சா குழு எப்படிப் படிப்பாங்க, மாமா?"

"வேலை கைக்கு வரட்டும். அப்புறம் நானே தோண்டிப் பார்த்துக்கறேன். இப்பவே சுவர் தாங்காதுன்னு திரையில போட்டா, கூட்டத்துல வேற என்ன பேச்சு நடக்கும்?"

"அது நடக்க வேண்டிய பேச்சுதானே?"

"அந்தச் சுவரை எனக்குத் தெரியும்மா. உன் வீட்டுக்காரன் பயந்தாங்கொள்ளி. எறும்பு ஊர்ந்தாலும் கல்லு தேயும்பான்."

"அவர் கணக்கு இதுவரை தப்பியிருக்கா?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"மூடினது நான்தான்னு அவர் நினைச்சுட்டு இருக்கார், மாமா. பத்து நாளா."

"வந்தா சொல்லிக்கலாம்."

"வந்தாத்தானே!"

அவள் குரல் உடைந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. பெரியவர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. தூக்கமா, வேறேதாவதா, தெரியவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோம்மா. பேசறது சின்னவன். கேட்கறது அவங்க. நீ பட்டனை மட்டும் அழுத்து."

அண்ணி வெளியே வந்து கணவனுக்கு எழுதினாள், இடது கைக் கட்டைவிரலால், தப்பும் தவறுமாக: 'நீங்க எழுதினதை இப்பதான் பார்த்தேன். மூடினது நான் இல்லை.' அனுப்பினாள். செய்தி போய்ச் சேரவில்லை. ஒரு மணிக்குப் பார்த்தாள், சேரவில்லை. வேனில் ஏறும்போது பார்த்தாள். அப்போதும் இல்லை.

வேனில் மைக் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னிருக்கையில் இருந்த அப்பாவின் பின்மண்டையைப் பார்த்தபடி கிசுகிசுத்தான்.

"அண்ணி, என்ன செய்யப் போறீங்க?"

"தெரியலை. நீயே மேடையில சொல்லிடேன்."

"அப்பா முன்னாடி உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துட்டு என்னால முடியாது அண்ணி. நான் வாய்ச்சொல் வீரன். அவ்வளவுதான்."

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அண்ணி இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். முதல் மாடி ஜன்னலில் இருந்து ஒரு சின்னப் பெண் அவள் கைக்கட்டைப் பார்த்து, தன் கையையும் மடக்கிக் காட்டிச் சிரித்தாள்.

எந்தப் பக்கம் வடக்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

* * *

நீள மேசை. ஏழு பேர் கொண்ட குழு. நடுவில் தலைவர், அவருக்கு வலப்பக்கம் தலைமையாசிரியை, நரைத்த தலை, கையில் பென்சில். பெரியவர் முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் மடிக்கணினியோடு அண்ணி. மைக் கையை அசைத்தால் அடுத்த ஸ்லைடு, அதுதான் ஏற்பாடு.

மைக் அன்றைக்கு நன்றாகவே பேசினான். மூன்றாவது ஸ்லைடில் தலைவர் சிரித்தார். ஐந்தாவதில் ஒருவர் 'பேஷ்' என்றார். ஆறாவதில் மைக்கின் கை அசைவதற்கு ஒரு கணம் தயங்கியது. அண்ணியைப் பார்த்தான். அசைத்தான்.

ஏழாவது. சுவர் முழுக்கப் பிள்ளைகளின் சிரிப்பு.

"இந்த வெளிச்சத்தைப் பாருங்க…"

 இப்போது விட்டால் எட்டாவது வந்துவிடும். எட்டுக்கு அப்புறம் நன்றி, கைதட்டல், டீ. அப்புறம் சிமென்ட்.

எஸ்கேப் பட்டனை அழுத்தினாள்.

படம் சட்டென்று சுருங்கியது. ஓரத்தில் குட்டி ஸ்லைடுகளும் மேலே பட்டன் வரிசையுமாக, அடுப்படிக் கதவு திறந்துகொண்ட மாதிரி, உள்வேலை எல்லாம் பெரிய திரையில் தெரிந்தது.

"ஏதோ கோளாறு போல" என்றார் குழுவில் ஒருவர்.

"ஏம்மா" என்றார் பெரியவர், தாழ்ந்த குரலில். அதட்டலா கெஞ்சலா என்று சொல்ல முடியாத குரல்.

காலையில் மைக்கிடம் காட்டிய பிறகு, என்ன செய்வதென்று முடிவாகாமல், அதை மறுபடி பின்னால் அனுப்பியிருந்தாள். இப்போது டேப். நடுவில் எட்டு வட்டங்கள். ஒன்றும் இல்லாத இடத்தைச் சுற்றி எட்டு வட்டங்கள். எல்லோரும் அதையே பார்த்தார்கள். தலைமையாசிரியையின் பென்சில் நின்றுவிட்டது.

கன்ட்ரோல். ஷிஃப்ட். சுண்டுவிரலை அடைப்புக்குறிப் பட்டன்மேல் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

சிரிப்பின்மேல் சிவப்புக் கட்டம் ஏறி உட்கார்ந்தது.

 தலைமையாசிரியை, பாடப் புத்தகம் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். "…தோண்டிப் பார்த்துச் சோதிக்கும்வரை எதுவும் கட்டக்கூடாது. யார் எழுதினது இது?"

அண்ணி வாயைத் திறக்குமுன் மைக் பேசினான். அவன் வாழ்நாளில் பேசியதிலேயே சின்னப் பேச்சு அது.

"என் அண்ணன். அவன் கணக்குத் தப்பினதே இல்லை."

சொல்லிவிட்டு ஒலிவாங்கியை மேசைமேல் வைத்தான். வைத்தபிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ இதுவரைக்கும் ஏன் மறைச்சு வச்சீங்க?" தலைவரின் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

பெரியவர் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மறைச்சது நான். பிள்ளைங்களைக் கேட்காதீங்க. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால அந்த வடக்குச் சுவரை நிறுத்தினதும் நான்தான். என் முதல் வேலை. அது இறங்குதுன்னு என் மகன் வந்து சொன்னான்." கொஞ்சம் நிறுத்தினார். "நம்ப மனசு வரலை."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். தலைமையாசிரியை செருமவில்லை, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"மூணாவது மாடியைத் தாங்காதுன்னா, இப்போ இருக்கிற ரெண்டு மாடியைத் தாங்குமா?"

பெரியவர் நாற்காலியின் முதுகை இன்னும் இறுக்கிப் பிடித்தார். 

"சொல்லுங்க சார். வடக்குப் பக்கம் இந்த நிமிஷம் நூத்திப் பத்துப் பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்க."

"தெரியாதும்மா" என்றார் பெரியவர். "தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்."

தலைமையாசிரியை யாரையும் அனுமதி கேட்கவில்லை. கதவைத் திறந்தபடியே "மணியை அடிங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார். அடுத்த நொடி, நேரமில்லாத நேரத்தில் பள்ளி மணி அலறியது.

அண்ணி ஜன்னலோரம் ஓடி, கணவனுக்குப் போன் போட்டாள். இம்முறை மணி போனது. ஒன்று. இரண்டு. கீழே முற்றத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை. மூன்று. நான்கு.

"ஹலோ" என்றது ஒரு குரல். அவன் குரல் இல்லை.

"யாரு பேசறது? இஞ்சினியர் எங்கே?"

"நான் சைட்டு மேஸ்திரிங்க. போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்துச்சு, இப்பதான் போட்டேன். சார் இதை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாரு."

"எங்கே போனார்?"

"விடிகாலையிலேயே கிளம்பிட்டாருங்க. ஏதோ பள்ளிக்கூடமாம். யார் கேட்டாலும் கேட்காட்டியும் அந்தச் சுவரைத் தானே தோண்டிப் பார்த்துடறேன்னு சொன்னாரு. ஏங்க, இன்னும் அங்கே வரலையா?"

அண்ணி ஜன்னல் கம்பிகளில் முகத்தைப் பதித்து, எட்டின மட்டும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கட்டடம் திரும்புகிற மூலை. அதற்கு அந்தப்புறம், வகுப்பறை ஜன்னல்கள் எதுவும் பார்க்காத குறுகலான சந்து. சுவரின் அடியில் ஒரு பள்ளம்; அதன் ஓரத்தில் ஈரம் காயாத புதுமண் குவிந்திருந்தது. குவியலில் ஒரு மண்வெட்டி செங்குத்தாக நின்றது.

பக்கத்தில் ஆள் இல்லை. பள்ளத்தின் ஒரு ஓரம் உள்ளே சரிந்திருந்தது.

"மாமா!"

அவள் கத்தித் திரும்பியபோது முதல் வரிசை நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அவளுக்குப் பின்னால் நின்று அவரும் பார்த்திருக்க வேண்டும். கீழே முற்றத்தில் எழுபது வயதுப் பெரியவர், செருப்பை எங்கேயோ உதறிவிட்டு, வெளியே வரும் பிள்ளைகளின் வரிசையை எதிர்த்துக்கொண்டு, வடக்குச் சுவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.